லேஸ் கட்டிவிடுகிற அண்ணன்

ஒரு குழந்தைகள் இல்லத்தில் மாலை வேளைகளில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஆறு வயதுப் பொடியன் ஒருவனுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவிழ்ந்த லேஸோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டுவான், பதினொரு வயதுப் பையன் ஒருவன் குனிந்து கட்டிவிடுவான், அதுவும் இரண்டு முடிச்சு. கூடப் பிறந்தவன் இல்லை, ஆனால் அண்ணன்தான். ஒருநாள் பார்த்தால் பொடியன் கதவுக்குப் பின்னால் நின்று, ஒழுங்காகக் கட்டியிருந்த லேஸைத் தானே அவிழ்த்துவிட்டு வருகிறான்!

இது ஒன்றும் புதிதில்லை. 1945-இல் டெரசின் நாஜி முகாமிலிருந்து மீட்கப்பட்ட, மூன்று வயதை ஒட்டிய ஆறு குழந்தைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். பெற்றோரை இழந்து, கை மாறி கை மாறி வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் யாரும் பொருட்டே இல்லை. ஆனால் தங்களில் ஒருவர் கொஞ்ச நேரம் கண்ணில் படாவிட்டாலும் தவித்துப்போனார்கள், சாப்பாடு வந்தால் தான் சாப்பிடுவதைவிடப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பதில்தான் குறி. குழந்தைகளின் மனதை ஆராய்ந்த அன்னா ஃப்ராய்டும், அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட சோஃபி டானும் 1951-இல் இதை எழுதிவைத்தார்கள்.

இதற்காக இல்லங்களில் எல்லாமே பாசமயம் என்று சொல்லவரவில்லை. அடிதடி உண்டு, பெரிய பிள்ளைகள் சின்னதுகளை மிரட்டுவதும் உண்டு. பத்து வயதுப் பெண் சின்னதுகளுக்கு அம்மா மாதிரி வேலை பார்த்துக்கொண்டிருந்தால் 'எவ்வளவு பொறுப்பு பாருங்க' என்று வருகிறவர்கள் மெச்சுவார்கள், எனக்கு என்னவோ அது பிடிக்காது.

என் ஆதங்கம் வேறு. கூடப் பிறந்தவர்களைக் கூடியவரை பிரிக்கக் கூடாது என்று பெற்றோர் பராமரிப்பு இல்லாத பிள்ளைகளுக்கான ஐ.நா.வின் 2009 வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. சரி, இப்படித் தாங்களாகவே தேடிக்கொண்ட அண்ணன் தம்பிகளுக்கு? ஃபைலில் அதற்கென்று ஒரு வரிகூட இல்லை. வயது ஏறியதும் வேறு கட்டடம், இடம் காலியாக இருந்தால் வேறு இல்லம், பட்டியல் போடுகிறவருக்கு அது வெறும் கட்டில் கணக்கு. 'உனக்கு இங்கே யார் வேண்டும்?' என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அந்தப் பெரியவனையும் அப்படித்தான் மாற்றினார்கள். முந்தின நாள் ராத்திரிதான் சொன்னார்களாம். அடுத்த வாரம் நான் போனபோது பொடியன் வழக்கம்போல லேஸ் அவிழ்ந்து கிடக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் குனிந்து கட்டப் போனேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, தானே கட்டிக்கொண்டான். இரண்டு முடிச்சு.