அஞ்சலில் வந்த மாத்திரைகளும் எங்கள் குரல்பதிவுகளும்

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தபோது, கொழும்பில் மாதாந்தக் கிளினிக்கை நம்பியிருந்த நீரிழிவு, உயர் குருதி அமுக்க நோயாளருக்கு மருந்து மட்டுமன்றி, அதைப் பற்றிக் கேட்டறியும் இடமும் இல்லாமற் போயிற்று. மருந்துக்கு ஒரு வழி பிறந்தது. அரச வைத்தியசாலைகள் பொதிசெய்து கொடுத்த கிளினிக் மருந்துகளை அஞ்சல் ஊழியர்கள் வீடு வீடாகக் கொண்டுசேர்த்தார்கள். அந்தச் சேவையை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால், பொதியைப் பிரித்தவருக்கு விளக்கம் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே தாதியராகிய நாங்கள் சிலர் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கினோம்.

நேரலை வகுப்புகள் எங்கள் நோயாளருக்குப் பொருந்தவில்லை. கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பகுதிகளில் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளின் பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான் இருந்தது. அதுவும் பிள்ளைகளின் பாடங்களுக்கு வேண்டியிருந்தது. ஆகவே சிறு குரல்பதிவுகளை அனுப்பினோம். வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களும் இரவில் அவற்றைக் கேட்டுவிட்டு, தங்கள் குரலிலேயே கேள்வி அனுப்பினார்கள். கிளினிக் வரிசையில் வாய் திறக்காதவர்கள் அவர்களில் பலர்.

நான் மிக முக்கியமாகக் கருதுவது மாத்திரை அட்டைகளின் படங்களையே. வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் மேசையில் பரப்பிப் படமெடுத்து அனுப்புமாறு கேட்டபோது, வைத்தியசாலை தந்த மெட்ஃபோர்மின் என்ற நீரிழிவு மாத்திரையும், பார்மசியில் வேறு வணிகப் பெயரில் வாங்கிய அதே மெட்ஃபோர்மினும் அருகருகே கிடந்ததைக் கண்டோம். அட்டையின் நிறமும் பெயரும் வேறுபட்டதால் இரண்டையும் இரு மருந்துகளென்று நம்பி விழுங்கியவர்கள் இருந்தார்கள். கிளினிக் கொப்பியை மட்டும் பார்த்து எத்தனை ஆண்டுகள் படித்துப் படித்துச் சொன்னாலும் இது எங்கள் கண்ணில் பட்டிருக்காது. அதன்பின் எங்கள் பாடங்கள் அந்தப் படங்களிலிருந்தே பிறந்தன. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும், உறைந்துவிட்டால் பயன்படுத்தக் கூடாது என்பதை, அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்த வீட்டாருக்கு உடனடியாகச் சொல்ல முடிந்தது.

ஏப்ரல் இறுதியில் நோன்பு மாதம் தொடங்கியது. இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் நோன்பு நோற்க வேண்டாம் என்றும், குருதி வெல்லம் டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்து உடனே சீனித்தண்ணீர் குடிக்க வேண்டும் என்றும் சொன்னோம். எங்களோடு பணியாற்றிய முஸ்லிம் சகோதரி ஒருவர் பேசியதாலேயே அது அந்த வீடுகளில் எடுபட்டது. டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்தென்று கேகாலையில் நாட்டு வைத்தியர் ஒருவர் கொடுத்த பாணியைத் தேடி மக்கள் திரண்டபோது, கொரோனாவை அது தடுக்குமென்று நிறுவப்படவில்லை என்பதோடு, அதிலுள்ள தேன் நீரிழிவுக்காரரின் குருதி வெல்லத்தை உயர்த்தும் என்பதையும் விளக்கினோம்.

ஸ்மார்ட்போன் இல்லாமல் தனித்து வாழ்ந்த முதியவர்களை இந்தக் குழு எட்டவில்லை. அவர்களுக்குச் சாதாரண அழைப்பில்தான் பேசினோம், அதற்கு அதிக நேரம் பிடித்தது. கிளினிக்குகள் வழமைக்குத் திரும்பிய பின்னர் இத்தகைய ஏற்பாடுகள் இனித் தேவையில்லை என்று சிலர் சொன்னபோது நான் உடன்படவில்லை. மாத்திரை அட்டைகளைப் பார்ப்பதும், தனித்திருப்போரை அழைப்பதும் ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒருவருக்கு உரிய கடமையாக, அதற்கான நேரத்தோடு ஒதுக்கப்பட வேண்டும் என்றே இப்போதும் கேட்டுவருகிறேன்.