பெய்னாக், காஸ்தெல்னோ, தோம்: டாக்சிக்காரர் அடித்த கொள்ளையும் கோட்டைகளும்

சார்லா என்கிற ஊரிலிருந்து பெய்னாக் கோட்டைக்குப் போக அந்த டாக்சிக்காரர் வாங்கிய காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். மீட்டரே போடவில்லை, இறங்கும்போது 50 யூரோ என்றார். நம்மூர்க் கணக்கில் ஐயாயிரம் ரூபாய் பக்கம்! தென்மேற்கு பிரான்ஸின் தோர்தோன் பள்ளத்தாக்கில் இதுதான் பெரிய தொல்லை. பொர்தோவிலிருந்து சார்லா வரை ரயிலில் சுகமாக வந்துவிடலாம், அதற்கப்புறம் ஊருக்கு ஊர் போக பஸ் தேடியே பாதி நாள் போய்விடும்.

சரி, பெய்னாக் மதில் மேல் போய் நின்றதும் கோபம் போன இடம் தெரியவில்லை. கீழே 150 மீட்டர் செங்குத்துப் பாறை, அடியில் தோர்தோன் ஆறு, கொஞ்சம் தள்ளி எதிர்க்கரைக் குன்றில் இன்னொரு கோட்டை. அதுதான் காஸ்தெல்னோ. நூறாண்டுப் போர் (1337-1453) நடந்த காலத்தில் பெய்னாக் பிரெஞ்சு அரசர் பக்கம், காஸ்தெல்னோ பல காலம் ஆங்கிலேயர் பக்கம். அடுப்பு மூட்டினால் எதிரிக்குப் புகை தெரியும், அவ்வளவு கிட்டத்தில் தலைமுறை தலைமுறையாக முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

இரண்டுக்கும் டிக்கெட் எடுக்கக் கை கடிக்கிறதா? காஸ்தெல்னோவுக்கே போங்கள். கோட்டை முழுக்க இடைக்காலப் போர்க்கருவி அருங்காட்சியகம். வெளியே திறந்தவெளியில் ட்ரெபுஷே என்கிற ராட்சதக் கல்லெறி பொறிகளை அந்தக் கால அளவிலேயே கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். நீளமான மரக்கையின் ஒரு முனையில் பாரம் நிரப்பிய பெரிய பெட்டி, மறுமுனையில் கயிற்றுக் கவண். பெட்டி பொத்தென்று இறங்க, மரக்கை சுழன்று மேலே போக, கவணின் ஒரு கயிறு கொக்கியிலிருந்து நழுவும் அந்த நொடியில் கல் பறக்கும். ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன், நேரம் போனதே தெரியவில்லை.

அப்புறம் தோம். மலை உச்சியில் 1281இல் மூன்றாம் பிலிப் அரசர் எழுப்பிய ஊர். ஆற்றைப் பார்த்த பக்கம் மதிலே கிடையாது, இந்தப் பாறையில் எவன் ஏறப்போகிறான் என்று விட்டுவிட்டார்கள். 1588இல் கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்ட்களுக்கும் நடந்த மதப்போரின்போது ஜொஃப்ருவா த விவான்ஸ் என்கிற புராட்டஸ்டன்ட் தளபதியின் ஆட்கள் ராத்திரியில் அதே பாறையில் ஏறி ஊரைப் பிடித்துவிட்டார்கள். அந்த விளிம்பில் நின்று எட்டிப் பாருங்கள், கால் கூசும்.

சாப்பாடும் தோமில்தான். வாத்துத் தொடையை அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்து, தோல் மொறுமொறுவென்று வரும்வரை வாட்டிக் கொடுக்கிறார்கள். கூடவே பூண்டும் பார்ஸ்லியும் போட்ட சார்லா உருளைக்கிழங்கு வறுவல். 20 யூரோ ஆனது, ஒரு பைசாகூட வீணில்லை. சைவக்காரர்கள் உஷார், அந்த உருளைக்கிழங்கும் வாத்துக் கொழுப்பில்தான் வறுபடுகிறது.

போக்குவரத்துக்கு ஒரு நல்ல வழி உண்டு. தோமுக்குக் கீழே செனாக்கில் வாடகைக்குக் கனூ படகு கிடைக்கும். ஆற்றோட்டத்தோடு துடுப்புப் போட்டால் பாறையோடு ஒட்டிக் கட்டிய லா ரோக் கஜாக் கிராமம், காஸ்தெல்னோ, பெய்னாக் மூன்றும் வரிசையாக வரும், திரும்ப ஏற்றிவர அவர்களே வேன் வைத்திருக்கிறார்கள். நீச்சல் தெரிந்தால் அதில் போங்கள், டாக்சிக்காரருக்கு அழுவதைவிட எவ்வளவோ மேல்.