ஆறிப்போன காப்பி

"அழாதே, எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மகனை நேற்று அடக்கம் செய்த வீடு. அவன் அம்மா, என் பள்ளித் தோழி, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் சபையின் மூத்த அக்கா ஒருவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. வேதாகமத்தைத் திறக்கவும் இல்லை. பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி டம்ளரை நீட்டினார். அவள் வாங்கவில்லை. ஆறியது. எழுந்துபோய்ச் சூடாக்கி வந்தார். மறுபடியும் ஆறியது. மறுபடியும் சூடாக்கினார்.

நான்காவது முறை இரண்டு மிடறு குடித்தாள். பிறகுதான் வாய்விட்டு அழுதாள். அக்காவும் சேர்ந்து அழுதார்.

வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் 7 பகலும் 7 இரவும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். துன்பத்துக்குக் காரணம் சொல்ல வாய் திறந்தபோதுதான் அவரை நோகடித்தார்கள்.

இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். ஆனாலும் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு, கல்லறைக்குப் போகும் முன்பே அவரும் கண்ணீர் விட்டார். யோவான் 11ஆம் அதிகாரத்தில் அந்த இடத்தைத் தாண்ட எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும்.

நானும் ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் போயிருந்தேன். சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன்.

நாளைக் காலையும் போகிறேன்.