வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைக்கு

ஜனவரி 9

அம்மாவிடம் சொல்லியாச்சு. "கொடைக்கானலிலிருந்து கீழே இறங்குறதுதாம்மா, மலை ஏறவே வேண்டாம்" என்றேன். அம்மாவுக்குக் குரங்கணிதான் ஞாபகம் வந்தது. 2018 மார்ச் 11 அன்று அங்கே மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிய செய்தி வந்த ராத்திரி எங்கள் வீட்டில் டிவியை அணைக்கவே இல்லை. புல் காய்கிற மாதங்களில் நானும் மலைப்பக்கம் போவதில்லை. இது தை பிறக்கும் நேரம், வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் உண்டு என்று விளக்கினேன். சமாதானம் ஆகவில்லை. எந்த வழி, யார் யார், எத்தனை மணிக்குக் கீழே வருவோம், வழிகாட்டியின் நம்பர் என்று எல்லாவற்றையும் பழைய காலண்டர் அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டார். "எட்டு மணிக்குள்ள போன் வரணும்."

ஜனவரி 17

பை கட்டியாச்சு. தண்ணீர் மூன்று லிட்டர், எவர்சில்வர் பாட்டிலில். ஹெட்லைட், விசில், ஓஆர்எஸ் பொட்டலம், கடலைமிட்டாய், பாலிதீன் உறைக்குள் மாற்றுச் சட்டை. அத்தை மகன் ஜீன்ஸில் வரப்போகிறானாம். நனைந்த ஜீன்ஸ் சீக்கிரம் காயாது, மேலே குளிரும்போது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். "ஸ்டைல் முக்கியம் மாமா" என்கிறான். சரி, அவன் பாடு.

ஜனவரி 18

காலை ஏழு மணிக்கு வட்டக்கானலில் கை விறைத்தது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் ஆறரை டிகிரி கூடும் என்பது கணக்கு. ஸ்வெட்டர், அப்புறம் முழுக்கைச் சட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தோம். சோலைக்குள் பனி சொட்டி ஜீன்ஸ் முழங்கால் வரை நனைந்தது. பையன் வாயைத் திறக்கவில்லை.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? இறக்கம்தானே என்று கிடுகிடுவென இறங்கினேன். வழிகாட்டி அண்ணன் இரண்டு முறை நிறுத்தினார். "தம்பி, குதிக்காதீங்க. முட்டியை லேசா மடக்கி, சின்னச் சின்ன எட்டா வைங்க." அவர் காலில் தேய்ந்த ரப்பர் செருப்புதான், ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

வெள்ளகவி எல்லையில் எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும், அது ஊர் வழக்கம். ஷூவைக் கழற்றி சாக்ஸை உருவினால், இரண்டு பெருவிரல் நகமும் கத்தரிக்காய் நிறம். முதல் நாள் நகம் வெட்ட மறந்திருந்தேன். இறங்கும்போது விரல் ஷூ முனையில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டியிருந்தால் பாதம் முன்னால் சரிந்திருக்காது என்றார் அண்ணன். காலையிலேயே சொல்லியிருக்கலாம், நான்தான் கேட்கவில்லை.

பாக்கித் தூரம் நொண்டிக்கொண்டே. கும்பக்கரையைத் தொடும்போது ஆறேகால். சிக்னலைத் தேடித் தேடியே என் போன் செத்திருந்தது, ஏரோப்ளேன் மோடில் போடத் தோன்றவில்லை. பெரியகுளம் டீக்கடையில் சார்ஜ் ஏற்றி எட்டே காலுக்குக் கூப்பிட்டேன். அம்மா எட்டு அடித்த உடனேயே அட்டையைப் பார்த்து அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாராம்.

ஜனவரி 20

தொடை இன்னும் கல்லாக இருக்கிறது. ஏறும்போது வருவது மூச்சு வாங்கல். இறங்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் தொடைதான் பிரேக், வலி மறுநாள்தான் தெரியும். மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிறேன். அத்தை மகன் அடுத்து எப்போது என்று கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறான். முதலில் பேன்ட் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.