தோற்றவர் இறங்கிப் போவது

இன்று செய்தியில், தோற்றுப்போன ஒரு தலைவர் மேடையேறி மக்கள் முடிவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். முகம் வாடித்தான் இருந்தது. ஜெயித்தவருக்கு ஒரு வாழ்த்தும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஜெயித்தவர் பேச்சைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது.

1945 ஜூலை. ஜெர்மனி சரணடைந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் நடந்த மாநாட்டில் சோவியத் தலைவர் ஸ்டாலினோடும் அமெரிக்க அதிபர் ட்ரூமனோடும் உட்கார்ந்திருந்த பிரிட்டன் பிரதமர் சர்ச்சில், தேர்தல் முடிவுக்காக லண்டன் திரும்பினார். 26ஆம் தேதி முடிவு வந்தது. தோல்வி. மாநாட்டில் அவர் இடத்தில் போய் உட்கார்ந்தவர் தொழிற்கட்சியின் அட்லி.

போரில் ஜெயித்த பிரதமரையே வீட்டுக்கு அனுப்ப வாக்குச்சீட்டு போதுமாக இருந்தது. (ஸ்டாலினுக்கு அந்தக் கவலையே கிடையாது.)

தேர்தல் நல்லவரைத்தான் கொண்டுவரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ரத்தம் சிந்தாமல் ஆளை மாற்றலாம். நம் சார்பில் சட்டம் போட, வரி விதிக்க ஒருவரை அனுப்புகிறோம். ஒவ்வொன்றுக்கும் அவர் நம்மைக் கேட்கப்போவதில்லை. திரும்ப ஓட்டுக் கேட்டு வர வேண்டுமே என்ற பயம்தான் நடுவில் அவரைக் கட்டி வைக்கிறது.

அதனால் தேர்தலைத் தள்ளிவைக்கிறோம் என்று யாராவது சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சரி, பிரிட்டனும் தள்ளிவைத்ததுதான். 1935க்குப் பிறகு அங்கே பொதுத்தேர்தல் 1945இல்தான் நடந்தது. அப்படித் தள்ளிவைக்கவும் போர்க்காலத்தில் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது.