கானாடுகாத்தானில் பர்மா தேக்கு

ரங்கூன் திரும்பி மூன்று நாளாகிவிட்டது. உள்ளங்கையில் இன்னும் அந்தச் சுவரின் குளிர்ச்சி நிற்கிறது.

காரைக்குடிப் பக்கம் கானாடுகாத்தானில், ஓட்டலாக மாற்றிய ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் இரண்டு ராத்திரி தங்கினோம். வாடகையை நம்ம பர்மாப் பணமான கியாட்டில் கணக்குப் போடாதீங்க என்று மனைவி சொன்னாள். போட்டேன், தூக்கம் போனது. நீச்சல் குளம், மசாஜ் எல்லாம் உண்டு. சரி, அதற்காகவா அவ்வளவு தூரம் போனோம்?

சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர், சித்திரை வெயிலிலும் ஜில்லென்றிருந்தது. தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் சாயச் சிமெண்டை ஊற்றிக் கையாலேயே வார்க்கிறார்கள். சுற்றிக்காட்டிய பையன் முகப்புத் தூணைத் தட்டி, "பர்மா தேக்கு சார், கப்பல்ல வந்தது" என்றான்.

"நானும் அங்கேயிருந்துதான் தம்பி வர்றேன், பிளேன்ல."

என் தாத்தா ரங்கூன் மொகல் தெருவில், வட்டிக்கடை நடத்திய ஒரு செட்டியாரின் கிட்டங்கியில் கணக்கெழுதியவர். 1942இல் ஜப்பான் படை வந்தபோது முதலாளி ஊர் திரும்பினார், தாத்தா இங்கேயே நின்றுவிட்டார். அப்படிப்பட்ட வட்டிப் பணத்தில் எழுந்த வளவு வீட்டில் இப்போது பேரன் காசு கொடுத்துப் படுக்கிறேன்!

மறுநாள் விருந்தில் வெள்ளிக் கிண்ணத்தில் கவுணி அரிசி என்கிற கறுப்பு ஒட்டரிசி, நெய், சர்க்கரை, தேங்காய்ப்பூவோடு. பக்கத்தில் 'அரிய பாரம்பரிய உணவு' என்று ஒரு அட்டை. அம்மா ஒரு வாய் போட்டுவிட்டு, "அட, நம்ம ரங்கூன் கவுக்நின்! தெருமுனையில எள்ளுப்பொடியும் அவிச்ச பட்டாணியும் போட்டுத் தருவாளே, அது இதைவிட நல்லா இருக்கும்" என்றாள்.

இன்று காலை அதைத்தான் வாங்கிச் சாப்பிட்டோம்.