கிழவன் வேடத்தில் காட்டுப்பாதை: உகந்தை முதல் கதிர்காமம் வரை

வள்ளியிடம் முருகன் முதலில் வேடனாக வந்தான், பிறகு வேங்கை மரமாக நின்றான், கடைசியில் கிழவனாக வந்தான். அந்தக் கிழவன் கேட்டவை மூன்று. பசிக்குத் தேனும் தினைமாவும் கேட்டான். மா நெஞ்சை அடைத்து விக்கல் எடுத்ததும் தண்ணீர் கேட்டான். சுனை வரைக்கும் போக ஒரு துணை கேட்டான். இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள உகந்தை முருகன் கோயிலில் இருந்து கதிர்காமத்துக்குக் காட்டால் பாதயாத்திரை நடக்கிற ஐம்பது, அறுபது வயதுக்காரருக்கும் தேவைப்படுபவை இந்த மூன்றும்தான். கேட்க வெட்கப்படுகிறவர்களே வழியில் குறுக்கிடும் குமுக்கன் ஆற்றுக்கு முன்னமே சுருண்டு விழுகிறார்கள்.

முருகு என்றால் இளமை. அதே சாமிக்குப் பழந்தமிழில் குறிஞ்சிக் கிழவன் என்றும் பெயர். அங்கே கிழவன் என்றால் உரியவன். அந்த அர்த்தம் இப்போது வழக்கில் இல்லை. கல்முனை பஸ்ஸில் யாராவது “கிழவன்” என்றால் சண்டைதான் வரும். பாதயாத்திரையில் இந்தச் சிக்கல் இல்லை. பத்து வயதுப் பிள்ளையும் சாமி, எழுபது வயது பெத்தாவும் சாமி. வயதைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஆளில்லை. ஆனால் உடம்பு சொல்லும், அதுவும் இரண்டாம் நாள் விடியற்காலையில்.

முதல் நாள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. உகந்தையில் கும்பிட்டு, குமண தேசியப் பூங்கா வாசலில் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்து, அரோகரா சத்தத்தோடு உள்ளே இறங்கினால் கால் தன்பாட்டில் போகும். இளம் பொடியன்களின் வேகத்துக்கு நடந்து வாகூரவெட்டை என்கிற இடத்தைத் தாண்டிவிடலாம். மறுநாள் பாயில் இருந்து எழும்பும்போதுதான் தொடை இரண்டும் கல்லாக இருக்கும். பழக்கமில்லாத நடைக்குப் பிறகு தசைநோவு 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வருவது எல்லா வயதிலும் நடப்பது. இருபது வயதுக்காரன் அரை மணி நடந்ததும் இளகிவிடுகிறான். வயதான தசை தன்னைப் பழுதுபார்க்கக் கூடுதல் நாள் கேட்கும். அதனால் முதல் நாள் நடக்க முடிந்த தூரத்தில் பாதியோடு நிறுத்துங்கள். மிச்சத்தை மூன்றாம் நாள் சேர்த்து நடக்கலாம், தவறில்லை. இளையவர்கள் நாலு நாளில் முடிக்கிற பாதைக்கு அறுபது தாண்டியவர்கள் ஆறு நாள் வைக்க வேண்டும். காட்டுப்பாதை திறக்கும் நாளும் மூடும் நாளும் கதிர்காமக் கொடியேற்றத்தைப் பொறுத்து ஆண்டுதோறும் மாறும். மூடும் நாளுக்கு முன் இந்த ஆறு நாள் கையில் இருக்கிற மாதிரி உள்ளே போங்கள்.

மட்டக்களப்பில் இருந்தே நடப்பதா, பொத்துவில் வரை பஸ்ஸில் போவதா என்று பலரும் குழம்புவார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி கோயிலில் இருந்தே நடந்து வருகிற சாமிமாருக்கு அது தனிக் கணக்கு. மற்றவர்களுக்கு, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று நூறு கிலோமீற்றருக்கு மேல் தார்ரோட்டில் தேய்ந்த பாதத்தைக் காட்டுக்குள் கொண்டுபோவது புத்தியில்லை. நேர்த்தி அப்படி இருந்தால், பாணமையில் தொடங்கி உகந்தை வரை ஒரு நாள் நடக்கலாம். காட்டுக்கு உடம்பு தயாரா என்று அந்த நடையே சொல்லிவிடும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. கைப்பிடி இல்லாத கதிரையில் இருந்து, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முப்பது செக்கனுக்குள் எத்தனை தடவை முழுதாக எழும்பி மறுபடி இருக்க முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது வரை ஆணுக்கு 14க்கும் பெண்ணுக்கு 12க்கும் குறைந்தால், 65 முதல் 69 வரை 12க்கும் 11க்கும் குறைந்தால், கால்பலம் அந்த வயதின் சராசரிக்குக் கீழே. அதுக்காக யாத்திரையை விட வேண்டாம். எட்டுக் கிழமை முன்பே தொடங்க வேண்டும். கல்லடிக் கடற்கரை மணலில் கிழமைக்கு நாலு நாள், முதலில் இரண்டு கிலோமீற்றர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி எட்டு. கடைசி மூன்று கிழமை பொதியோடு நடக்க வேண்டும். தார்ரோட்டில் மட்டும் பழகியவர்களுக்குக் காட்டு மணல் காலை வாரிவிடும். மணலில் கணுக்கால் ஒவ்வொரு அடிக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும், அந்தத் தசைக்கு ரோட்டில் வேலையில்லை. நிலத்தில் இருந்து கை ஊன்றாமல் எழும்பவும் பழகுங்கள். காட்டில் கதிரையும் இல்லை, கொமட்டும் இல்லை.

பொதி உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. அதில் மூன்று லீற்றர் தண்ணீரே 3 கிலோ. மிச்ச 3 கிலோவுக்குள் ஒரு சாரம், ஒரு விரிப்பு, டோர்ச், மருந்து, தன் பங்கு அரிசி, அவல், பேரீச்சம்பழம். உரபேக்கில் கட்டித் தலையில் வைக்கிற பழைய முறை கழுத்து எலும்பு தேய்ந்தவருக்கு ஒத்துவராது. இரண்டு தோளிலும் மாட்டுகிற பையே நல்லது. சட்டி, பானை, பருப்பு எல்லாம் குழுவில் இளையவர்களின் பொதியில் போகட்டும். “தாங்க சாமி, நான் கொண்டுவாறன்” என்று ஒரு பொடியன் கையை நீட்டுவான். “வேணாம் மகன்” என்று முதல் தடவை எல்லோரும்தான் சொல்கிறார்கள். பொதியைக் கொடுங்கள், தண்ணீர்ப் போத்தலையும் மருந்துப் பையையும் கொடுக்காதீர்கள். அவன் அரை மணி முன்னுக்குப் போய்விடுவான், நாக்கு வறண்டு நிற்பது நீங்கள்தான்.

தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். வயது கூடக் கூடத் தாகம் என்கிற மணி பிந்தித்தான் அடிக்கும். உடம்பில் தண்ணீர் குறைந்து வெகுநேரம் கழித்தே வாய் வறளும். சிறுநீரகமும் முன்போல நீரை இறுக்கிப் பிடிக்காது. அதனால் தாகம் எடுத்தால் குடிப்பது என்பது இளையவர்களின் சட்டம். வயதானவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துக் குடிக்க வேண்டும்: நடக்கும்போது இருபது நிமிசத்துக்கு ஒரு தடவை நாலைந்து மிடறு, மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் கணக்கு. சலம் (சிறுநீர்) இளமஞ்சளாக இருந்தால் போதும். தேயிலைச் சாயம் போல இருந்தாலோ, காலை முதல் பின்னேரம் வரை போகவே இல்லை என்றாலோ அன்றைக்கு நடை அவ்வளவுதான். ஜீவனி (உப்பு, சீனி கலந்த நீரிழப்புத் தூள்) பக்கற் ஒன்றை ஒரு லீற்றரில்தான் கரைக்க வேண்டும். தண்ணீர் குறைவென்று அரை லீற்றரில் கரைத்தால் உப்புக் கூடித் தாகத்தை இன்னும் கிளப்பும். பிரஷர் உள்ளவர்கள் அதை நாள் முழுக்கத் தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்கவும் கூடாது. இதயம் அல்லது சிறுநீரக வருத்தத்துக்காக வைத்தியர் தண்ணீரை அளந்து கொடுத்திருந்தால் இந்தப் பாதை அவர்களுக்கானது அல்ல.

இராவில் இரண்டு மூன்று தரம் எழும்ப வேண்டி வருகிறதே என்று பின்னேரத்தோடு தண்ணீரை நிறுத்துகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. ஆண்களில் புரொஸ்டேட் வீங்கியவர்கள் கட்டாயம் செய்வார்கள். ஊரில் அது பரவாயில்லை, காட்டில் அடுத்த நாள் தலைசுற்றலாக வந்து நிற்கும். குடியுங்கள், ஆனால் தனியாக எழும்பிப் போகாதீர்கள். பக்கத்தில் படுத்தவரைத் தட்டி எழுப்பி, டோர்ச் அடித்து, இருவராகப் போங்கள். யாத்திரை நடப்பது பாலைப்பழக் காலம், கரடி பாலை மரத்தடியை விட்டுப் போகாது. யானை கொப்பு முறிக்கிற சத்தமும் காது மந்தமானவருக்குக் கேட்காது. அதனால் நடக்கும்போதும் அவர்கள் வரிசையின் நடுவில் நடப்பதே முறை. முன்னுக்கோ கடைசியிலோ அல்ல.

ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டும் கைவேலையில் மட்டும் வயதானவர்களே வாத்தியார். குமுக்கன் ஆற்றில் தெளிந்த இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஓடுகிற நீரில் இருந்து இரண்டு முழம் தள்ளி மணலில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, முதலில் ஊறுகிற கலங்கல் நீரை இரண்டு தரம் இறைத்து ஊற்றிவிட்டு, மூன்றாவதாக ஊறுவதைச் சிரட்டையால் அள்ள வேண்டும். அவசரப்பட்டவர்கள் முதல் நீரைப் போத்தலில் பிடித்துவிடுவார்கள். மணல் வடித்தாலும் கிருமி போகாது. துணியால் வடிகட்டி, கொதித்து ஒரு நிமிசம் ஆனபிறகே குடிக்கலாம். ஆற்றுக்கு அங்காலே வியாழை என்கிற இடத்தை அண்டி எருமை புரள்கிற குளத்து நீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் வேண்டாம். பவுசரில் தண்ணீர் வருகிற இடங்கள் உண்டுதான், ஆனால் அதை நம்பிப் போத்தலைக் காலியாக்கக் கூடாது.

மருந்து. கிளினிக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோங்கள். பத்து நாளுக்கான குளிசையை இரண்டு பங்காக்கி ஒன்றை உங்களிடமும் மற்றதைத் துணையிடமும் வையுங்கள். சலம் போகிற குளிசை எடுப்பவர்கள் நடக்கும் நாட்களுக்கு அதன் அளவை என்ன செய்வதென்று முன்னமே வைத்தியரிடம் கேட்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு என்று விரதம் பிடிப்பவர்கள் நீரிழிவுக்குக் கிளிக்ளசைட் குளிசையோ இன்சுலினோ எடுத்தால் சுகர் இறங்கி நடுவழியில் வியர்த்து, கை நடுங்கி விழுவார்கள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி பார்த்து, தேறாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். தினைமாவும் தேனும் கேட்ட கிழவன் விரதத்தை முறித்ததாக யாரும் சொல்லவில்லை.

முழங்கால் நோவுக்கு டைக்ளோபினாக் போடுவதுதான் காட்டில் நடக்கிற பெரிய பிழை. நீர் குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்தை அடிக்கும். பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. மேலே சித்தாலேப பூசிக்கொள்ளுங்கள். தடியின் உயரம் கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரை வர வேண்டும். வலிக்கிற முழங்காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். அநேகர் வலிக்கிற பக்கத்திலேயே பிடித்து அந்தக் காலுக்கே பாரத்தைக் கூட்டுகிறார்கள்.

வெறுங்காலில் நடப்பதாக நேர்த்தி வைத்த நீரிழிவுக்காரரோடு வாதாடுவது கஷ்டம். கால் மரத்துப்போனவருக்கு முள் ஏறினதே தெரியாது, சூடான மணல் கொப்பளித்ததும் தெரியாது. அவர்கள் மூடிய செருப்போடுதான் நடக்க வேண்டும். உகந்தை வாசலில் இருந்து சந்நிதி வரையும், கதிர்காமத்தில் மாணிக்க கங்கைப் படியில் இருந்தும் வெறுங்காலாக நடந்தால் நேர்த்தி நிறைவேறாதா? ஒவ்வொரு பின்னேரமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். தன் உள்ளங்காலைத் தானே பார்க்கக் குனிய முடியாத வயது இது. கண்ணாடி போட்ட ஒருவர் மற்றவர் காலைப் பார்க்கட்டும். கொப்புளத்தின் தோலை உரிக்க வேண்டாம்.

திரும்புவதா இல்லையா என்பதைக் குமணயில் முடிவு செய்ய வேண்டும், குமுக்கன் ஆற்றைக் கடந்தபின் அல்ல. யால கிழக்கு என்று இருந்து 2006 இல் குமண தேசியப் பூங்கா என்று பேர் மாறின பகுதி இது. இங்கிருந்து உகந்தைக்கு வாகனத்தில் திரும்ப வழியுண்டு. ஆற்றுக்கு அங்காலே நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு என்று போகும் வழியின் பெரும்பகுதியில் சிக்னலும் இருக்காது. பேச்சுக் குழறுகிற, ஊர்ப்பேரை மாற்றிச் சொல்லுகிற, வியர்வை நின்று தோல் சுடுகிற சாமியை நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறி, ஆள் அனுப்பி உதவி எடுங்கள். கட்டகாமம் கிட்டத்தான் என்று நடத்திக்கொண்டு போகக்கூடாது.

நடக்கவே ஏலாதவர்களுக்குக் மட்டக்களப்புப் பக்கம் குருமன்வெளித் துறையில் படகு ஏறினால் மண்டூர். சின்னக் கதிர்காமம் என்று ஊர் சொல்லும் கோயில். அங்கேயும் பூசாரியான கப்புகனார் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார், அங்கேயும் சாமி திரைக்குப் பின்னால்தான். கண்ணில் புரை விழுந்தவரும் விழாதவரும் பார்ப்பது ஒரே திரையை.

கதிர்காமம் வந்தபின் இரண்டு எச்சரிக்கை. மாணிக்க கங்கைக் கற்கள் பாசி பிடித்தவை. இறங்கும்போது நோகிற கால் முதல், ஏறும்போது நல்ல கால் முதல், ஒரு கை துணையின் தோளில். கதிரமலைக்கு ஜீப் ஓடுகிறது, ஏறிப்போங்கள். அத்தனை நாள் நடந்த முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கூடுதல் அடி.

புத்தளை, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலுக்குத் திரும்புகிற பயணம் நீளமானது. களைப்பில் அப்படியே தூங்கினால் கால் வீங்கும், இரத்தம் உறையவும் கூடும். யன்னலோரச் சீற்றை விட நடுவழிப் பக்கத்துச் சீற் நல்லது, மணிக்கொரு தரம் எழும்பி நிற்க. பஸ் நிறைந்திருந்து யாராவது பொடியன் எழும்பி “இருங்க ஐயா” என்றால், காட்டு எல்லை தாண்டியாயிற்று, சாமி என்று கூப்பிட ஆளில்லை. தாங்க்ஸ் மகன் என்று சொல்லி இருங்கள்.